கரண்ட் போனாலும் நிண்டெண்டோ ஸ்விட்சிலிருந்து போனுக்குப் படம் வரும்

எங்கள் பகுதியான சாட்ஸ்வர்த்தில் மின்வெட்டு வந்தால் முதலில் அணைவது வீட்டு வைஃபைதான். அப்படியொரு சாயங்காலம் என் மகன், நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவியில் எடுத்த படங்களைத் தாத்தாவுக்கு உடனே அனுப்ப வேண்டும் என்று அடம் பிடித்தான். ஸ்விட்சிலிருந்து படத்தைப் போனுக்கு மாற்ற இணையமே தேவையில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

ஸ்விட்சின் ஆல்பத்தில் படத்தைத் திறந்து 'ஏ' பட்டனை அழுத்தி, போனுக்கு அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுங்கள். திரையில் வரும் கியூஆர் கோடைப் போன் கேமராவில் காட்டினால், ஸ்விட்சே ஒரு சின்ன வைஃபை ஆகிப் போனோடு இணைந்துவிடும். அப்புறம் வரும் இரண்டாவது கியூஆர் கோடையும் அதேபோலக் காட்டினால், அது படங்களைப் பிரவுசரில் திறக்கும். அழுத்திப் பிடித்துச் சேமிக்க வேண்டியதுதான். ஒரு தடவைக்கு 10 படங்கள், அல்லது ஒரே ஒரு வீடியோ.

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்: 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று போன் முனகும். பரவாயில்லை, இணைப்பிலேயே இருக்கச் சொல்லுங்கள். அப்படியும் பக்கம் திறக்காவிட்டால் மொபைல் டேட்டாவைக் கொஞ்ச நேரம் அணைத்துப் பாருங்கள். எனக்கு அதில்தான் சரியானது.

போனிலிருந்து ஸ்விட்சுக்குப் படம் அனுப்ப மட்டும் இதில் வழியில்லை. மகனுக்கு அதில் இன்னும் கோபம்.