டாஸ் கணினியில் வலை உலாவி: உள்வலையமைப்பில் இணைப்பது எப்படி

டாஸில் உலாவியை ஓடவைப்பது பெரிய விஷயமே இல்லை. ஜிப்பைப் பிரித்து ஒரு கோப்புறையில் போட்டால் ஓடிவிடும். அது வெளியே போய்ப் பக்கத்தை எடுத்துவர வேண்டுமே, வேலை அங்கேதான். டாஸுக்கு வலையமைப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. வலையமைப்புக் கார்டோடு பேச ஒரு பாக்கெட் டிரைவர், அதன் மேல் இணையத்தின் பேச்சுமொழியான டிசிபி/ஐபி, அதற்கும் மேல் உலாவி என்று நாமே அடுக்க வேண்டும். டிசிபி/ஐபி பெரும்பாலும் நிரலுக்குள்ளேயே இருக்கும். ஒவ்வொரு நிரலும் தன்னுடையதைத் தானே தூக்கிக்கொண்டு வரும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் திருத்தத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். எம்எஸ்-டாஸ் 6.22 இருந்தால் போதும். புதிதாகப் போடுபவர்கள் ஃப்ரீடாஸ் போடுங்கள். தேவையான நிரல்களில் பாதி அதன் தொகுப்பிலேயே கிடைக்கும். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்து.

படி 1: கார்டு

பழைய வகையான ஐஎஸ்ஏ ஸ்லாட் என்றால் என்இ2000 வகைக் கார்டு, அதிலும் ரியல்டெக் 8019ஏஎஸ் சிப் உள்ளது. பிசிஐ என்றால் ரியல்டெக் 8139. வேறு எதையும் தேடி அலைய வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினியில் பழகுபவர்கள் பிசிநெட்-ஃபாஸ்ட் III கார்டைத் தேர்ந்தெடுத்து, பிரிட்ஜ்டு முறையில் வையுங்கள். அப்போதுதான் உங்கள் ரவுட்டரே டாஸுக்கு நேரடியாக ஐபி கொடுக்கும். வைஃபை ஆசையை விட்டுவிடுங்கள்.

படி 2: பாக்கெட் டிரைவர்

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. என்னையும் நெடுநேரம் உட்காரவைத்தது இதுதான். என்இ2000 கார்டுக்கு, கிரின்வர் என்ற பாக்கெட் டிரைவர் தொகுப்பில் உள்ள டிரைவரை இப்படி ஏற்ற வேண்டும்:

என்இ2000 0எக்ஸ்60 10 0எக்ஸ்300

முதல் எண் மென்பொருள் இன்டரப்ட் (நிரல்கள் டிரைவரைக் கூப்பிடும் எண்), நடுவில் ஐஆர்க்யூ (கார்டு கணினியைக் கூப்பிடும் கம்பியின் எண்), கடைசியில் ஐ/ஓ முகவரி (கணினி கார்டோடு பேசும் போர்ட்). 0எக்ஸ் என்றால் பதினறும எண். முன்னால் 0எக்ஸ் இல்லாவிட்டால் டிரைவர் அதைப் பதின்ம எண்ணாக எடுத்துக்கொள்ளும். வெறும் 300 கொடுத்தால் அது தேடிப் போகும் முகவரி 0எக்ஸ்12சி. ஏறும்போது திரையில் வருவதைப் படியுங்கள். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு வடிவத்தில் காட்டும். ஐ/ஓ போர்ட் வரியில் அடைப்புக்குறிக்குள் 768 இருந்தால் சரி. 300 இருந்தால் 0எக்ஸ் விட்டுப்போயிருக்கிறது.

முகவரி தப்பினாலாவது டிரைவர் உடனே முரண்டு பிடிக்கும். ஐஆர்க்யூ தப்பினால் வாயே திறக்காது. கார்டின் ஈதர்நெட் முகவரியைப் படிக்க ஐ/ஓ போர்ட் போதும் என்பதால், அது அழகாகத் திரையில் வந்துவிடும். பாக்கெட்டும் வெளியே போகும், சுவிட்சில் விளக்கும் மினுக்கும். ஆனால் பதில் வந்துவிட்டது என்று கார்டு ஒரு கம்பியில் தட்டிக்கொண்டிருக்க, டிரைவர் வேறொரு கம்பியில் காது கொடுத்துக்கொண்டிருக்கும். ரவுட்டரிடம் ஐபி முகவரி கேட்கும் டிஎச்சிபி காத்திருந்து காத்திருந்து கைவிட்டுவிடும். கேபிளை மாற்றுவது, ரவுட்டரைத் திட்டுவது எல்லாம் இந்த நேரத்தில்தான் நடக்கும்.

இதற்கு வழி: கார்டின் அமைப்பு நிரலை ஓட்டி (8019-க்கு ஆர்செட்8019), பிளக் அண்ட் பிளே முறையை அணைத்து ஜம்பர்லெஸ் (எண்களை நாமே நிலையாகக் குறித்துவைக்கும் முறை) ஆக்குங்கள். ஐஆர்க்யூ 3 பல கார்டுகளில் இயல்பாக வரும். ஆனால் காம்2 போர்ட்டும் அதையேதான் பிடித்துக்கொள்ளும். 5 என்றால் சவுண்ட் கார்டு அடிதடிக்கு வரும். 16 பிட் ஸ்லாட் இருந்தால் 10 வையுங்கள். பிசிஐயும் ஐஎஸ்ஏயும் கலந்த மதர்போர்டில் இன்னொரு வேலையும் உண்டு: பயாஸில் பிஎன்பி/பிசிஐ பக்கத்துக்குப் போய் 10-ஐ லெகசி ஐஎஸ்ஏ என்று ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை ஏதாவது பிசிஐ கார்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும்.

பிசிஐ கார்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. 8139-க்கு ஆர்டிஎஸ்பிகேடி, பிசிநெட்டுக்கு பிசிஎன்டிபிகே ஐஎன்டி=0எக்ஸ்60. அவ்வளவுதான்.

படி 3: ஐபி முகவரி

உலாவிக்கு முன்னால் எம்டிசிபி தொகுப்பைப் போட்டுச் சோதியுங்கள். மைக்கேல் பிரட்மன் எழுதியது; டாஸில் இதைவிட ஒழுங்கான வலையமைப்பு நிரல்களை நான் பார்த்ததில்லை. ஒரு உரைக் கோப்பில் பாக்கெட்இன்ட் 0எக்ஸ்60 என்று ஒரே வரி எழுதி, எம்டிசிபிசிஎஃப்ஜி என்ற சூழல் மாறியில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். டிஎச்சிபி என்று தட்டினால் கிடைத்த முகவரியை அதே கோப்பில் எழுதிவைக்கும். பிறகு ரவுட்டர் பதில் தருகிறதா என்று பார்க்க ஒரு பிங். பதில் வந்தால் மலை ஏறிவிட்டோம்.

டாஸில் பின்னணியில் எதுவும் ஓடாது, ஆகவே டிஎச்சிபி குத்தகை தானாகப் புதுப்பிக்கப்படாது. ரவுட்டரில் இந்தக் கார்டுக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுவது நல்லது.

படி 4: உலாவி

என் கட்சி லிங்க்ஸ் 2. 386 முதல் ஓடும், மைனஸ் ஜி கொடுத்தால் படங்களும் வரும். அரக்னி பார்க்க அழகுதான், ஆனால் இன்றைய பக்கங்களில் திணறுகிறது. 8088 வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோவெப். அது எம்டிசிபி அமைப்பையே பயன்படுத்திக்கொள்ளும்.

லிங்க்ஸ் அப்படி இல்லை. அதற்குள் இருப்பது வாட்-32 என்ற வேறொரு டிசிபி/ஐபி. எம்டிசிபி வாங்கிய ஐபி அதற்குத் தெரியாது. பிங் போகிறது, உலாவி மட்டும் போகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். வாட்டிசிபி.சிஎஃப்ஜி கோப்பில் மை_ஐபி, நெட்மாஸ்க், கேட்வே, நேம்சர்வர் நான்கையும் தனியாக எழுதுங்கள்.

படி 5: எச்டிடிபிஎஸ்

இன்றைய தளங்கள் கேட்கும் மறையாக்க இணைப்புதான் எச்டிடிபிஎஸ். லிங்க்ஸ் அதைப் பேசும். ஆனால் 486-இல் அந்தத் தொடக்கக் கைகுலுக்கல் முடிவதற்குள் பொறுமை போய்விடும். வலையமைப்பில் உள்ள வேறொரு கணினியில் வெப்ஒன் என்ற பிராக்ஸியை (நமக்காகப் பக்கத்தை எடுத்துத் தரும் இடைநிரல்) ஓடவிட்டு, அந்தக் கணினியின் ஐபியையும் 8080 போர்ட்டையும் லிங்க்ஸின் பிராக்ஸி அமைப்பில் கொடுங்கள். மறையாக்க வேலையை அது பார்த்துக்கொள்ளும், டாஸுக்கு வெறும் எச்டிடிபி வந்து சேரும். கடவுச்சொல் கேட்கும் தளங்களுக்கு இந்த வழியில் போகாதீர்கள். உங்கள் வலையமைப்பில் எல்லாம் திறந்த கடிதம்தான். 8080-ஐ ரவுட்டரில் வெளியே திறந்துவிடவும் கூடாது.

பிற்சேர்க்கை: பிராக்ஸி இல்லாமல் போகும்போது சான்றிதழ் செல்லாது என்று வருகிறதா? டேட் என்று தட்டிப் பாருங்கள். கணினிக் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி செத்திருந்தால் 1980 என்று இருக்கும். எம்டிசிபியின் எஸ்என்டிபி நேரத்தைச் சரிசெய்துவிடும்.

கேபிள் செருகியும் விளக்கே எரியவில்லை என்றால்: பல 2.5 கிகாபிட் போர்ட்டுகள் 10 மெகாபிட் பேசுவதில்லை. நடுவில் ஒரு பழைய 10/100 சுவிட்ச் வையுங்கள்.

தமிழ்த் தளம் வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது என்றால், டாஸ் எழுத்துருவோடு மல்லுக்கட்ட வேண்டாம். டபிள்யூஆர்பி என்ற நிரலை, வெப்ஒன் ஓட்டிய அதே கணினியில் ஓட்டினால், அது பக்கத்தைத் தானே திறந்து படமாக எடுத்து அனுப்பும். படத்தின் மேல் சொடுக்கினால் இணைப்பும் வேலை செய்யும். லிங்க்ஸைப் படமுறையில் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.