திரும்பி வராத கியர் லீவர்

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் ரோட்டில ஓடி ஓடி, என்ர 100 சிசி மோட்டார் சைக்கிளின்ர கியர் லீவர் மிதிச்ச இடத்திலயே நிக்கத் தொடங்கீட்டுது. சப்பாத்து நுனியால தூக்கிவிட்டாத்தான் அடுத்த கியர். லீவரின்ர பல்லுகள் தேயேல்லை; தண்டும் சேர்ந்து திரும்புது. அப்ப கோளாறு உள்ளுக்க, லீவரை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவாற ரிட்டர்ன் ஸ்பிரிங்கில.

ஒயிலை வடிச்சு, கிக்கரைக் கழட்டி, வலப்பக்கக் கவரின்ர போல்ட்டுகளைக் கழட்டின ஒழுங்கிலயே மட்டையில குத்தி வைச்சன். நீளம் வேற வேற. மாறி இறுக்கினா அலுமினியம் வெடிக்கும். ஸ்பிரிங் கிளச்சுக்குப் பின்னால இருக்கு; கிளச்சைக் கழட்ட, அதின்ர நட்டுக்கு நாலு பல்லுச் சாவி வேணும். கடையில விலை கேட்டிட்டுத் திரும்பீட்டன்; வெல்டிங் அண்ணை பழைய பைப்பில அராவித் தந்தார்.

ஸ்பிரிங்கின்ர ரெண்டு காலும் ஒரு முளையை ரெண்டு பக்கத்தாலயும் கவ்வி நிக்கவேணும். ஒரு கால் முறிஞ்சு, துண்டு அடியில கறுத்த ஒயிலுக்க கிடந்தது. அந்தத் துண்டை எடுக்காம மூடவே கூடாது, பல்லுச்சில்லுக்க போனா எஞ்சின் பழுதாப்போயிடும்.

புது ஸ்பிரிங்கை மாட்டி, மூட முதலே பின்சில்லைச் சுத்திச் சுத்தி நாலு கியரும் போட்டுப் பாத்தன். லீவர் டக்கெண்டு நடுவுக்கு வந்தது. கவரால ஒயில் கசியாம வைக்கிற பழைய கஸ்கட்டைப் பிளேட்டால சுரண்டிப் புதுசு வைச்சு, புது ஒயிலும் விட்டாச்சு.