நாய், பூனை வளரும் வீட்டில் கீழே விழுந்த சாப்பாடு: செய்யக்கூடாத தவறுகள்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் பல வீடுகளில் வாசற்படியைத் தாண்டினால் தெருதான். நாய் போய்ப் போய் வரும், மீன் வாசனைக்குப் பூனை எட்டிப் பார்க்கும். அதே கூடத்தில் உட்கார்ந்துதான் சாப்பாடு.

‘5 நொடிக்குள் எடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது’ என்று, விழுந்ததும் நொடியை எண்ணுவதுதான் முதல் தவறு. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஷாஃப்னரும் ராபின் மிராண்டாவும் இதைச் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். தர்பூசணி, ரொட்டி, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஜெல்லி மிட்டாய் ஆகியவற்றை எஃகு, டைல்ஸ், மரம், கார்ப்பெட் மேல் போட்டு, 1 நொடிக்குள் தொடங்கி 300 நொடி வரை விட்டுப் பார்த்தார்கள். நேரம் கூடினால் கிருமியும் கூடியது உண்மைதான். ஆனால் 1 நொடிக்குள்ளேயே ஏறியதும் உண்டு. தர்பூசணியில் மிக அதிகம், மிட்டாயில் மிகக் குறைவு. ஈரம்தான் கிருமியை இழுக்கிறது. இட்லி, அத்தோ (பர்மா நூடுல்ஸ்), மீன் துண்டு விழுந்தால் குப்பைக்குத்தான். பெருக்கித் துடைத்த, காய்ந்த தரையில் விழுந்த முறுக்கைப் பெரியவர்கள் எடுத்துச் சாப்பிடுவதில் ஆபத்து குறைவு. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அதுவும் வேண்டாம். கார்ப்பெட்டைவிட டைல்ஸிலிருந்துதான் அதிகம் ஏறியது. பளபளக்கும் தரையை நம்பிவிடாதீர்கள். ஊதினால் மணலும் ரோமமும் போகும், ஒட்டிய கிருமி போகாது.

புழு விஷயத்தில்தான் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். நாயின் உருண்டைப்புழு முட்டை, மலத்தோடு வந்த உடனே தொற்றாது. மண்ணில் 2 முதல் 4 வாரம் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். அதனால் அன்றைக்குப் போன மலத்தைவிட, தெருவின் பழைய மண்ணை மிதித்து வந்த பாதமே கவலைக்குரியது. வாசலில் ஒரு ஈரத்துணி வைத்து நான்கு கால்களையும் விரலிடுக்கு வரை துடைத்து உள்ளே விடுங்கள். பூனை மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி முதிர 1 முதல் 5 நாள் ஆகும். பூனை மலம் கழிக்கும் மணல் தட்டைத் தினமும் கொட்டிவிட்டால் பெரும்பாலான ஆபத்து தீர்ந்தது. அந்த வேலையைக் கர்ப்பிணியிடம் விடக்கூடாது.

நாய்க்குட்டிக்குத் தாயின் வயிற்றிலேயே புழு வந்துவிடும். 2 வார வயதிலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை மருந்து, பிறகு மாதம் ஒன்று, 6 மாதத்துக்குப் பின் 3 மாதத்துக்கு ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவரே சொல்லட்டும். பள்ளியில் பிள்ளைக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தாகிவிட்டது என்று இதை விடாதீர்கள். அந்த ஒரு மாத்திரை மனிதக் குடற்புழுவுக்கானது. நாய்ப்புழுவின் இளம்புழு குடலில் தங்காமல் உடலுக்குள் அலைவது, கண்ணுக்கும் போகும்.

தரை துடைப்பதிலும் கோளாறு உண்டு. ஃபினாயிலில் உள்ள ஃபீனால் வகைகளைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. பாதத்தை நக்கும்போது அது உள்ளே போகிறது. முதலில் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். பிறகு 5 சதவீத பிளீச் திரவம் 20 மி.லி.யை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து தடவி, சில நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். அது காயும் வரை நாய், பூனை அந்தப் பக்கம் வரக்கூடாது. ஆசிட்டையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். புழு முட்டைக்கு பிளீச் போதாது, கொதிக்கும் தண்ணீர்தான்.

பச்சைக் கோழிக்கழிவைக் கூடத்தில் வைத்து நாய்க்குப் போடுவதும் தவறு. அதிலுள்ள சால்மொனெல்லா என்ற கிருமி தரையில் தங்கும். நாய் நோயே காட்டாமல் அதை மலத்தில் வெளியேற்றும். வேகவைத்து, குழந்தை தவழாத இடத்தில் வையுங்கள்.

கடைசியாக, விழுந்ததை நாய் பக்கம் தள்ளிவிடும் பழக்கம். வெங்காயம் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும். பாயசத்து திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். தின்றுவிட்டால் வாந்தி வரும் வரை காத்திராமல் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்து, மிச்சத்தையும் ஒரு கவரில் எடுத்துப் போங்கள்.