முதல் வெளிநாட்டுக் கல்விப் பயணமா? கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

மாணவர்களைக் கல்விப் பயணத்துக்குக் கூட்டிப்போகும் பேராசிரியர் நான். "சார், எத்தனை கிலோ எடுத்து வரலாம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் பதிலுக்குக் கேட்பது, "பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது?"

பல நாடுகள் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைத்தான் ஏற்கும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு 3 மாதம் மிச்சம் இருந்தால் போதும்; ஆனால் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால்தான் விசா கிடைக்கும். டிக்கெட்டில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று புக் செய்த அன்றே பாருங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-மணி (Wh, பேட்டரியில் அடங்கும் மின்னாற்றலின் அளவு). 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74தான், பயமில்லை. கைப்பையில் திரவம் என்றால் பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மில்லி பாட்டில்தான். 200 மில்லி பாட்டிலில் பாதிதான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை, பாட்டிலின் அளவைத்தான் பார்ப்பார்கள். ஒரு செட் உடுப்பும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வரவில்லை என்றால், பெட்டி எடுக்கும் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவன கவுன்டரில் புகார் பதிந்து எண் வாங்கிவிடுங்கள்.

இமிகிரேஷனில் பெரும்பாலும் கேட்பது மூன்றுதான்: எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பதற்றத்தில் சிலர் குடும்ப வரலாறே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்! அழைப்புக் கடிதமும் தங்குமிட முகவரியும் காகிதத்தில் இருக்கட்டும்; அந்த நேரம் பார்த்து போனில் சிக்னல் இருக்காது. அப்புறம், கடையில் கார்டு இயந்திரம் எந்த நாணயத்தில் கழிக்கட்டும் என்று கேட்டால், அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். நம் நாணயத்தை அமுக்கினால் மாற்று விகிதத்தில் கை கடிக்கும்.

சரி, படிப்புக்கு வருவோம். போட்டோவாக எடுத்துத் தள்ளுகிறவர்களுக்கு ஊர் திரும்பியதும் எது எந்த ஆய்வகம் என்றே தெரியாது. ஒருமுறை எல்லோரும் பெரிய நுண்ணோக்கியைச் சுற்றி நின்று படம் எடுக்க, ஒரு மாணவி மட்டும் கதவோரம் ஒட்டியிருந்த, அந்தக் கருவிக்கான முன்பதிவுத் தாளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். யாருக்கு எத்தனை மணி நேரம் என்பது அதில் இருந்தது. "இரவு நேரமெல்லாம் முதலாண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கே போயிருக்கிறதே, ஏன்?" என்று கேட்டாள். அதுவரை மனப்பாடமாகப் பேசிக்கொண்டிருந்த ஆய்வகத் தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கருவி வாங்கக் காசு எப்படி வருகிறது, யார் முந்துகிறார்கள், எங்கே சண்டை வருகிறது என்று பேச்சு நீண்டது. எந்தக் கையேட்டிலும் அது கிடைக்காது.

ஆகவே அன்றன்றைக்கு இரவே எழுதுங்கள். பார்த்தது, யாரோ சொன்னது, மறுநாள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. அரைப் பக்கம் போதும். ஆய்வகத்துக்குள் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், வெளியிடாத முடிவுகள் பலகையில் இருக்கலாம்.

திரும்பிய ஒரு வாரத்துக்குள் சந்தித்தவர்களுக்கு நன்றி மின்னஞ்சல் அனுப்புங்கள், விட்டுப்போன ஒரு கேள்வியோடு. கையில் வாங்கும் விசிட்டிங் கார்டின் பின்புறம் எங்கே, எதைப் பற்றிப் பேசினோம் என்று அப்போதே குறித்துவைத்தால் யாருக்கு எதை எழுதுவது என்று குழம்ப வேண்டியிருக்காது.