தனியாகக் கடற்போர் விளையாடலாம்: ரிவர் பிளேட் சண்டையிலிருந்து தொடங்குங்கள்

மினியேச்சர் கப்பல்களை வைத்து ஆடும் கடற்போருக்கு ஒரு எதிராளி கிடைப்பது நம் பக்கத்தில் கஷ்டம். நான் இரண்டு வருடமாகத் தனியாகத்தான் ஆடுகிறேன். முதல் ஆறு மாதத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட முடித்ததில்லை. இரண்டு பக்கத்தையும் நானே ஓட்டியதால் நாலாவது சுற்றிலேயே சுவை போய்விடும். அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் ஆட்டத்துக்கு 1939 டிசம்பர் 13 அன்று நடந்த ரிவர் பிளேட் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்கக் கரைக்கு அப்பால், காலை ஆறே கால் மணி சுமாருக்குத் தொடங்கியது. ஒரு பக்கம் ஜெர்மனியின் ‘அட்மிரல் கிராஃப் ஸ்பே’ என்ற போர்க்கப்பல் மட்டும். மறுபக்கம் பிரிட்டிஷ் கொமடோர் ஹார்வுட் தலைமையில் எக்ஸிடர், ஏஜாக்ஸ், அக்கிலீஸ் என்று மூன்று குரூசர்கள், அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பல்கள். தனியாக ஆடுபவருக்கு இதைவிடப் பொருத்தமான சண்டை எனக்குத் தெரியாது. பகடைக்கு விடவேண்டியது ஒரே ஒரு கப்பலின் முடிவுகளைத்தான். மூன்று கப்பல்களை நீங்கள் நடத்துங்கள், ஸ்பேயைப் பகடை நடத்தட்டும். தலைகீழாக வைத்தால் மூன்று கப்பலுக்கும் பகடை உருட்டியே கை ஓய்ந்துவிடும்.

கப்பல்கள். 1:3000 அளவில் ஸ்பே சுமார் 62 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நீளம்தான். எக்ஸிடர் 58, மற்ற இரண்டும் 56. உலோகக் கப்பல்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் முதல் ஆட்டத்துக்கு வேண்டாம். தடித்த அட்டையில் வெட்டி, முன்முனையில் சிவப்புப் புள்ளி வைத்தால் போதும். விரிப்புக்கு நீலப் பருத்தித் துணி. சாட்டின் வாங்காதீர்கள், கை பட்டாலே கப்பல்கள் வழுக்கும். அளக்கத் தையல்காரர் டேப்தான் சரி. இரும்பு டேப் சுருண்டு திரும்பும்போது அணிவகுப்பையே கலைத்துவிடும்.

தூரக் கணக்கு. மூன்று நிமிடத்தில் ஒரு கப்பல், அதன் வேகம் எத்தனை நாட்டோ (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) ஏறக்குறைய அத்தனை நூறு கெஜம் போகும். 28 நாட் என்றால் 2,800 கெஜம். ஒரு சுற்றை மூன்று நிமிடம் என்றும், ஒரு சென்டிமீட்டரை 200 கெஜம் என்றும் வைத்துக்கொண்டால் வேகத்தில் பாதிதான் நகரும் தூரம். ஸ்பேக்கு 14 செ.மீ., எதிரணிக்கு 16 செ.மீ. ஒரு சுற்றில் ஒரு முறை, 45 டிகிரிக்குள் திரும்பலாம். இரு பக்கத்துக்கும் நடுவே 95 செ.மீ. இடைவெளி வையுங்கள். சாப்பாட்டு மேசை போதாது, தரையில் விரியுங்கள்.

சுடுவது எளிது. இலக்கைப் பார்க்கும் ஒவ்வொரு பீரங்கிக் கோபுரத்துக்கும் ஒரு பகடை, 6 விழுந்தால் அடி. 60 செ.மீ.க்குள் என்றால் 5 விழுந்தாலும் அடிதான். ஸ்பேக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு கோபுரம், தலா மூன்று பீரங்கி (குழாய் விட்டம் 28 செ.மீ.), ஒரு அடிக்கு 3 புள்ளி. எக்ஸிடருக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, அடிக்கு 2 புள்ளி. ஏஜாக்ஸும் அக்கிலீஸும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, அடிக்கு 1 புள்ளி. நேராக எதிரியை நோக்கி ஓடினால் பின்கோபுரங்கள் சுட முடியாது. தாங்கும் புள்ளிகள்: ஸ்பே 14, எக்ஸிடர் 10, மற்றவை தலா 7. ஒரு கப்பலுக்கு மூன்று புள்ளி போகும்போதெல்லாம் அதன் ஒரு கோபுரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இனி என்னைத் தடுக்கிவிட்ட இடம். கடற்போரில் இரு பக்கமும் முதலில் உத்தரவை எழுதிவிட்டு, ஒரே நேரத்தில் கப்பலை நகர்த்த வேண்டும். எக்ஸிடரின் பின்கோபுரத்தையும் சுடவைக்க ‘வலது 45’ என்று எழுதிவிட்டு, அதே பென்சிலோடு ஸ்பேக்கு எழுத உட்காருவேன். எக்ஸிடர் திரும்பப்போவது தெரியும். தெரியாதது போல எழுத மனசு ஒத்துழைக்காது. ஒன்று ஸ்பே எல்லாம் அறிந்த கப்பல் போல ஓடும், இல்லை அதைத் தவிர்க்க நானே அதை முட்டாளாக்கிவிடுவேன். சும்மா பகடை போட்டுத் திருப்பிப் பார்த்தேன், அப்போது கேப்டனே இல்லாத கப்பல் போல அலைந்தது.

வரிசையை மாற்றியதும் சரியாகிவிட்டது. முதலில், விரிப்பில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்து, ஸ்பேயின் கேப்டன் லாங்ஸ்டார்ஃப் அந்த நேரத்தில் செய்யக்கூடிய மூன்று காரியங்களை எழுதுங்கள். மூன்றுமே ஒரு நல்ல கேப்டன் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அதிகம் நடக்கக்கூடியதற்கு அதிக எண்கள். என் தொடக்கத் தாளில் இப்படி இருக்கிறது: 1, 2, 3 விழுந்தால் நெருங்கு; 4, 5 விழுந்தால் 75 செ.மீ. தள்ளி இணையாக ஓடு. 6 விழுந்தால் புகை விட்டு விலகு. அதற்குப் பிறகுதான் உங்கள் மூன்று கப்பல்களின் உத்தரவு. எழுதித் தாளைக் கவிழ்த்துவிடுங்கள். கடைசியாகப் பகடை. இந்த வரிசை மாறவே கூடாது. உங்கள் உத்தரவை முதலில் எழுதினால், ஸ்பேயின் மூன்று காரியங்களும் உங்களுக்குச் சாதகமாகவே வந்து விழும்.

நெருங்குவதற்கு மூன்று எண் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. ஏஜாக்ஸையும் அக்கிலீஸையும் லாங்ஸ்டார்ஃப் முதலில் டெஸ்ட்ராயர்கள் (குரூசரைவிடச் சிறிய போர்க்கப்பல்கள்) என்று நினைத்தார். பெரிய பீரங்கி இருந்தும் தூரத்தில் நிற்காமல் நெருங்கினார். எதிரி தவறாக நினைக்கவும் ஆட்டத்தில் இடம் வேண்டும். ஹார்வுட்டும் எக்ஸிடரை ஒரு பக்கமும் மற்ற இரண்டை இன்னொரு பக்கமுமாகப் பிரித்து, ஸ்பேயின் இரண்டு கோபுரங்களும் எதைக் குறிவைப்பது என்ற சிக்கலை உண்டாக்கினார். நீங்களும் பிரித்துப் பாருங்கள். ஸ்பேயின் இலக்குக்கும் ஒரு பகடை போடுகிறேன்: 1 முதல் 4 வரை எக்ஸிடர், 5, 6 என்றால் மற்றவற்றில் அருகிலிருப்பது.

தெரிவதை மட்டும் பார்ப்பது என்ற யோசனை எனக்குப் பிடித்த ஒரு இடத்திலிருந்து வந்தது. 1942 முதல் லிவர்பூலில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸும் கடற்படைப் பெண்களும் வணிகக் கப்பல்களுக்குக் காவலாகப் போகும் போர்க்கப்பல்களின் அதிகாரிகளுக்குத் தரையில் இப்படி ஆட்டம் நடத்திப் பயிற்சி கொடுத்தார்கள். அதிகாரிகள் திரைச்சீலை ஓட்டை வழியாகத்தான் பார்க்க முடியும். கடலில் அவர்கள் கண்ணுக்குப் படுவது மட்டும்தான் அங்கேயும் படும். தனி ஆட்டக்காரருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அப்புறம் சேர்த்தது: இதைப் படித்த ஒருவர், ஸ்பே சுற்றுக்குச் சுற்று மனம் மாறி வளைந்து வளைந்து போகிறது என்றார். உண்மைதான், நான் செய்வதை எழுத விட்டுவிட்டேன். ஒரு முறை விழுந்த முடிவு அப்படியே தொடர வேண்டும். ஸ்பேக்கு அடி விழும்போது, இடைவெளி 60 செ.மீ.க்குக் கீழே வரும்போது, டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து வரும் குண்டு) தெரியும்போது மட்டும் மூன்று காரியங்களையும் புதிதாக எழுதிப் பகடை போடுங்கள்.

புகை பற்றியும் கேட்டிருந்தார்கள். புகை விட்டதும் ஸ்பேயை விரிப்பிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சட்டைப் பொத்தானை வைக்கிறேன். இரண்டு சுற்று யாரும் அதைச் சுட முடியாது. பிறகு ஒரு பகடை: 1, 2 என்றால் பழைய திசையிலேயே 28 செ.மீ. தள்ளி, 3, 4 என்றால் இடதுபுறம், 5, 6 என்றால் வலதுபுறம் வெளியே வரும். அந்த இரண்டு சுற்றும் பொத்தானைப் பார்த்துக்கொண்டே மூன்று கப்பலுக்கும் உத்தரவு எழுதுவதில்தான் எனக்கு நெஞ்சு அதிகமாக அடித்துக்கொள்ளும்.

இன்னொரு கேள்வி, எக்ஸிடர் மூழ்கினால் தோல்வியா என்பது. இல்லை. ஸ்பே தன் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்தது, பழுதுபார்க்கத் தன் துறைமுகம் பக்கத்தில் எதுவும் கிடையாது. அதனால் ஸ்பே 7 புள்ளி இழந்ததும் பகடையை ஓரமாக வைத்துவிட்டு அதை மேற்கே திருப்புங்கள். அது விரிப்பின் மேற்கு ஓரத்தைத் தாண்டும்போது உங்கள் கப்பல் ஒன்றாவது பின்தொடர்ந்தால் வெற்றி உங்களுடையது. உண்மையிலும் ஏஜாக்ஸும் அக்கிலீஸும் உருகுவே நாட்டுத் துறைமுகமான மான்டிவிடியோ வரை பின்னாலேயே போயின. ஸ்பே டிசம்பர் 17 அன்று துறைமுகத்தை விட்டு வெளியே வந்து, தன் ஆட்களாலேயே தகர்க்கப்பட்டது.