பயம் வேறு பெயரில் வரும்

2005 ஜூலை 26. மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான நாள். குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே தண்ணீரில் நின்றுபோன லோக்கல் ரயிலில் நானும் இருந்தேன். விடியும்வரை இருட்டில், பெட்டிக்குள்ளேயே. அதற்கப்புறம் ஆறு வருஷம் நான் ரயில் ஏறவில்லை.

ஆனால் பயமாக இருக்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை. மஸ்ஜித் பந்தரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலை வந்தபோது, "பிள்ளை சின்னவன், அத்தைக்கு முட்டி வலி, பக்கத்திலேயே இருக்கிறேன்" என்றேன். தாராவியில் எங்கள் தெருமுனைத் தையல் கடையிலேயே பாதிச் சம்பளத்துக்கு உட்கார்ந்துவிட்டேன். நான் சொன்ன காரணத்தை நானே நம்பினேன் என்பதுதான் இதில் கொடுமை.

அதனால் முதல் வேலை, பயத்தை அடையாளம் காண்பது. வேலையோ, பயணமோ, வரனோ, எதையாவது வேண்டாம் என்று சொல்லப் போகிறீர்களா? பயமுறுத்தும் அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, மற்றதெல்லாம் அப்படியே இருக்கக் கேட்டுப் பாருங்கள். காகிதத்தில் எழுதுங்கள், மனசுக்குள் கேட்டால் அது சமாளித்துவிடும். நான் ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் எழுதினேன்: "அந்தக் கடை நடந்து போகிற தூரத்தில் இருந்தால் போவேனா?" போவேன் என்றுதான் கை எழுதியது. பிள்ளையும் அத்தையும் அப்போதும் வீட்டில்தானே இருப்பார்கள்! அன்று ரொம்ப நேரம் அழுதேன்.

அப்புறம், பயத்துக்குத் தீனி போடுவதை நிறுத்த வேண்டும். ரயிலைத் தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் 'அப்பாடா' என்றிருக்கும். அந்த அப்பாடாதான் தீனி. தப்பித்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது, அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் அலறுகிறது. நான் பார்த்த ஆலோசகர் ஒரு கதை சொன்னார். முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தாராம் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர். கடைசியில் அவன் அதைத் தடவிக்கொடுத்தான். அது வெளிவந்தது 1924இல்.

நானும் அப்படித்தான் செய்தேன். முதல் வாரம் சயான் பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து ரயில்கள் போவதைப் பார்த்தது மட்டும்தான். அடுத்து, கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் லேடீஸ் பெட்டியில் மாட்டுங்கா வரை, ஒரே ஒரு ஸ்டேஷன். பிறகு தாதர், பைகுல்லா. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். அந்த நேரத்தில் திரும்பி ஓடாதீர்கள். படபடப்பு ஏறி, நின்று, தானே இறங்கும். அது இறங்குவதை ஒரு முறையாவது இருந்து பாருங்கள். முதலில் என் வீட்டுக்காரரைப் போனில் பிடித்துக்கொண்டே போனேன். அப்படிப் போனபோது தைரியம் தந்தது கையிலிருந்த போன்தான் என்று தோன்றியது, அதனால் அதையும் விட்டேன். மஸ்ஜித் வரை போக இரண்டு மாதம் ஆனது. ஒரு படி கஷ்டமாக இருந்தால் அதையே நாலு நாள் செய்யுங்கள், அவசரமில்லை.

தூக்கம் போய், வீட்டைவிட்டு இறங்கவே முடியவில்லை என்றால் தனியாகப் போராட வேண்டாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

எல்லாப் பயத்தையும் உதறச் சொல்லவில்லை. ஓடும் ரயிலில் ஏறப் பயப்படுவது சரி, இன்றைக்கும் நான் ஏறுவதில்லை. மழைக்காலத்தில் 4.5 மீட்டருக்கு மேல் கடல் பொங்கும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவித்துவிடும். அந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். அன்று கனமழையும் சேர்ந்தால், கடை முதலாளியிடம் சொல்லிவிட்டு மதியமே கிளம்பிவிடுவேன். மற்ற நாட்களில் வழக்கமான 6:40 லோக்கல்தான்.