பெரி செயின்ட் எட்மண்ட்ஸ்: பழைய சந்தை ஊரில் எங்கே தங்கலாம்?

இங்கிலாந்துக்கு வந்து வீடு பார்த்து, வங்கிக் கணக்கு திறந்து, ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிந்து எல்லாம் ஒரு வழியாக முடிந்த பிறகு கிடைக்கும் முதல் லீவுக்கு நம்மவர்கள் பெரும்பாலும் லண்டனுக்கோ ஸ்டோன்ஹெஞ்சுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். சரி, போய்ட்டு வாருங்கள். அடுத்த பயணத்துக்குப் பழைய சந்தை ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். கேம்பிரிட்ஜில் படிக்க வந்தவர்களுக்கும், இப்ஸ்விச் பக்கம் வேலை கிடைத்தவர்களுக்கும், இங்குள்ள வெஸ்ட் சஃபோக் மருத்துவமனைக்கு நேர்காணலுக்கோ வேலைக்கோ வருபவர்களுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரி செயின்ட் எட்மண்ட்ஸ்.

முதலில் ஒரு எச்சரிக்கை. அறை பதிவு செய்யும்போது ஊர்ப் பெயரை முழுதாகப் போடுங்கள். வெறும் ‘பெரி’ என்று போட்டால் மான்செஸ்டர் பக்கத்தில் இருக்கும் வேறோர் ஊரில் அறை கிடைத்துவிடும். இது சஃபோக்கில் இருக்கிறது.

டேனியர்கள் 869இல் கொன்ற எட்மண்ட் அரசரைப் பின்னாளில் புனிதராக வணங்கினார்கள்; அவர் உடலை வைத்து வளர்ந்த ஊர் இது. 1020இல் இங்கே பெனடிக்டின் துறவிகளின் மடம் அமைந்தது. எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1539இல், அதை மூடினார்கள். மடத்தின் கல்லை எல்லாரும் பெயர்த்துக்கொண்டு போக, எஞ்சி நின்ற முகப்புச் சுவருக்குள்ளேயே வீடு கட்டிக் குடியேறியும் விட்டார்கள். இன்றும் அந்த வீடுகளில் ஆள் இருக்கிறார்கள். தெருக்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு அமைத்தவர் 11ஆம் நூற்றாண்டில் மடத்துத் தலைவராக இருந்த பால்ட்வின். தங்குமிடம் தேடுகிறவருக்கு அவரால் ஒரு லாபம் உண்டு: பழைய ஊர் முழுவதும் நடக்கிற தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது. இதற்குள் எங்கே தங்கினாலும் சந்தைக்கும் மடத்துத் தோட்டத்துக்கும் பேராலயத்துக்கும் காலால் போய்விடலாம்.

அதனால்தான் சொல்கிறேன், இருபது பவுண்டு மிச்சமாகிறது என்று ஏ14 நெடுஞ்சாலை ஓரத்தில் அறை எடுக்காதீர்கள். பகலில் பார்த்துவிட்டுத் திரும்புவதென்றால் கேம்பிரிட்ஜிலிருந்து முக்கால் மணி நேர ரயில் பயணம்தான், தங்கவே வேண்டியதில்லை. தங்குவது என்றால் அது மாலைக்கும் விடியற்காலைக்கும்தான். பகல் கூட்டம் கலைந்த பிறகு ஏஞ்சல் ஹில் சதுக்கத்தில் நிற்பதும், மறுநாள் சந்தைக்காரர்கள் கடை விரிக்கும்போது பட்டர்மார்க்கெட் பக்கம் ஒரு நடை போவதும் ஊருக்குள் படுத்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கும். சந்தை நாள் புதனும் சனியும். ஆகவே தங்க வேண்டிய இரவு செவ்வாய் அல்லது வெள்ளி. மருத்துவமனையிலோ பராமரிப்பு இல்லத்திலோ ஷிப்டில் வேலை பார்ப்பவர்களுக்கு வாரநாளில் ஓய்வு வருமே, அதைச் செவ்வாய் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக் கட்டணத்தைவிட அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

ஊரின் பெரிய பழைய விடுதி ஏஞ்சல். மடத்தின் வாயில் கோபுரத்துக்கு நேர் எதிரே, முகப்பு முழுக்கக் கொடி படர்ந்து நிற்கும். சார்லஸ் டிக்கன்ஸ் தங்கிய இடம் என்று பெருமையாகச் சொல்வார்கள், உண்மையும்கூட. 1859லும் 1861லும் அவர் அதே சதுக்கத்தில் உள்ள அதீனியம் மண்டபத்தில் தன் எழுத்தை வாசித்துக் காட்டினார். குதிரை வண்டிப் பயணிகள் இறங்கித் தங்கிய இந்த மாதிரி விடுதிகளுக்கு ஒரு தனிக் களை உண்டு. விலையும் அதற்கேற்பத்தான். திருமண நாள் போன்ற விசேஷத்துக்கு ஓர் இரவு தங்கலாம். அதே காசுக்கு வேறிடத்தில் இரண்டு இரவு தங்கலாமே என்று மனம் கணக்குப் போட்டால், அங்கே மாலையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், போதும்.

அடுத்தது, மாடியில் நாலைந்து அறை வைத்திருக்கும் பப்புகளும், வீட்டுக்காரரே படுக்கையும் காலை உணவும் தந்து நடத்தும் பி அண்ட் பிக்களும். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் பப் என்றதும் ஒதுங்கிவிடுகிறார்கள். அதற்கு அவசியமில்லை, இங்கே பப் என்பது ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து சாப்பிடும் இடமும்தான். ஆனால் சனிக்கிழமை இரவு பதினொன்று வரை கீழே சத்தம் கேட்கும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் பின்பக்க அறையாகக் கேளுங்கள். பி அண்ட் பியில் ராத்திரி ரிசப்ஷனில் ஆள் இருக்கமாட்டார்கள். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முன்கூட்டியே கேட்பார்கள். அந்த நேரத்துக்குப் போய்விடுவது மரியாதை. தாமதமானால் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

இந்தப் பழைய கட்டிடங்களைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தெருவிலிருந்து பார்த்தால் செங்கல் முகப்பு நிமிர்ந்து நிற்கும். உள்ளே போனால் பல இடங்களில் அதைவிட நூறு, இருநூறு ஆண்டு மூத்த மரச்சட்டக் கட்டிடம். தரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், பலகை முனகும், உத்தரம் தலையில் இடிக்கும். பாதுகாக்கப்பட்ட கட்டிடப் பட்டியலில் இருப்பதால் லிப்ட் வைப்பதும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடுவதும் உரிமையாளரின் இஷ்டமில்லை, அனுமதி வாங்க வேண்டும். எனவே பெரிய சூட்கேஸைக் குறுகலான படியில் தூக்க வேண்டியிருக்கும், ஜன்னலோரம் குளிரும்.

குளியலறையில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது. தரையில் தண்ணீர் போக வழியே இருக்காது. பாத்டப்புக்குள் நின்று, திரையை டப்புக்கு உள்பக்கமாக விட்டுக் குளிக்க வேண்டும். திரையை வெளியே விட்டுக் குளித்தால் தண்ணீர் தரைப்பலகை வழியாகக் கீழ் அறையின் கூரையில் சொட்டும். சேதத்துக்குப் பணம் கேட்டாலும் கேட்பார்கள். வாஷ்பேசினில் சுடுதண்ணீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய் இருப்பதும் சகஜம். கழுவிக்கொள்ளப் பைப் இருக்காது. சின்னதாக ஒரு பிளாஸ்டிக் குவளையைப் பையில் போட்டுக்கொண்டால் நிம்மதி.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் பழைமை, களை எல்லாவற்றையும் மறந்துவிட்டு ப்ரீமியர் இன், டிராவலாட்ஜ் போன்ற சங்கிலி விடுதிகளுக்குப் போங்கள் என்பதுதான் என் கட்சி. முட்டி வலிக்கிற அம்மாவால் முழங்கால் உயர டப் விளிம்பைத் தாண்டி ஏற முடியாது. மாடி இருக்கிற புதுக் கட்டிடங்களில் பொதுவாக லிப்ட் உண்டு. டப் இல்லாத, நடந்தே உள்ளே போகிற ஷவர் வேண்டுமென்று சொல்லியே அறை கேளுங்கள். ப்ரீமியர் இன்னில் பெரியவர் ஒருவர் காலை உணவுக்குப் பணம் கட்டினால் இரண்டு பிள்ளைகள் இலவசமாகச் சாப்பிடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: விடுதியின் பெயரில் ஊர்ப் பெயர் இருப்பதால் மட்டும் அது ஊருக்குள் இருக்கிறது என்று ஆகாது. வரைபடத்தில் மடத்துத் தோட்டத்திலிருந்து எவ்வளவு நடை என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் சமையலறையோடு வரும் வாடகை வீடு தோதுப்படும். சோறு வடித்து, கையோடு கொண்டுபோன புளிக்குழம்பைச் சூடாக்கினால் செலவு பாதியாகும். ஹோட்டல் அறையில் மட்டும் குக்கரை எடுக்காதீர்கள். ஊதுபத்தியும் வேண்டாம். புகை எச்சரிக்கை மணி அடித்தால், மரக்கட்டிடம் என்பதால் இரவு உடையோடு அத்தனை பேரையும் தெருவில் நிறுத்திவிடுவார்கள்.

ஹோட்டலில் கிடைக்கும் முழு ஆங்கிலக் காலை உணவில் பேக்கனும் பன்றி இறைச்சி சாசேஜும் இருக்கும். கறுப்பாக வட்டமாக ஒன்று இருக்குமே, பிளாக் புட்டிங், அது பன்றி ரத்தத்தில் செய்வது. சைவம் என்றோ ஹலால் என்றோ முதல் நாள் இரவே சொல்லிவிட்டால் முட்டை, காளான், தக்காளி, பீன்ஸ் என்று மாற்றித் தருவார்கள். இரவுச் சாப்பாட்டில்தான் ஏமாற்றம் காத்திருக்கிறது. பல இடங்களில் மதியம் இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் ஆறு மணிக்குத்தான் திரும்ப மூட்டுவார்கள்; ஒன்பதுக்கு மேல் கேட்டால் சிப்ஸ் பொட்டலம்தான். ஞாயிறு மாலை இன்னும் மோசம். நம் சாப்பாட்டு நேரம் இங்கே செல்லாது.

அறை கிடைக்காத நாட்களும் உண்டு. பக்கத்து ஊரான நியூமார்க்கெட்டில் பெரிய குதிரைப் பந்தயம் நடக்கும் மே மாதத் தொடக்கத்திலும் ஜூலையிலும் சுற்று வட்டாரத்தில் விலை ஏறிவிடும். கேம்பிரிட்ஜ் பட்டமளிப்பு நாட்களிலும் அப்படியே. சில சின்ன விடுதிகள் சனிக்கிழமைக்கு இரண்டு இரவாக எடுத்தால்தான் தருவார்கள். மலிவாக இருக்கிறதே என்று பணம் திரும்பாத கட்டணத்தில் பதிவு செய்யுமுன், ரோட்டா, அதாவது உங்கள் ஷிப்ட் அட்டவணை, கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்த புதிதில் கிரெடிட் கார்டு இருக்காது. டெபிட் கார்டைக் கொடுத்தால் முன்பணமாகச் சில இடங்களில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது விடுபடச் சில நாளாகும். சம்பளத்துக்கு முந்தைய வாரத்தில் இது உதைக்கும்.

அடையாள அட்டை விஷயத்தில் பயம் வேண்டாம். விடுதிப் பதிவேடு பற்றிய 1972ஆம் ஆண்டு அரசு ஆணைப்படி 16 வயதுக்கு மேற்பட்ட எல்லா விருந்தினரும் பெயரும் குடியுரிமை நாடும் பதிய வேண்டும். பாஸ்போர்ட் எண்ணும் அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதும் காமன்வெல்த்துக்கு வெளியே உள்ள நாட்டவருக்குத்தான் கட்டாயம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகளே. ஆனாலும் கார்டுக்குரியவர் நீங்கள்தானா என்று பார்க்கப் படம் போட்ட அட்டை கேட்கலாம். ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

காரில் வந்தால், பழைய விடுதிகளில் பார்க்கிங் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சந்தை நாளில் ஊருக்குள் இடம் பிடிப்பது பெரும்பாடு. ரயில்தான் எளிது: லண்டனிலிருந்து இப்ஸ்விச்சிலோ கேம்பிரிட்ஜிலோ மாற வேண்டும். நிலையத்திலிருந்து பழைய ஊருக்குக் கால் மணி நேர நடை. குளிர்காலத்தில் அந்தப் பக்கம் இறங்கினால் மண்ணும் இனிப்பும் கலந்தாற்போல ஒரு வாடை அடிக்கலாம். ஊரோரம் இருக்கும் சர்க்கரை ஆலையில் பீட்ரூட் வகைக் கிழங்கை வேகவைக்கும் பருவம் அது. உங்கள் வீட்டு டீயில் விழும் சர்க்கரைகூட அங்கிருந்து வந்ததாக இருக்கலாம்.

அறையைக் காலி செய்வது பத்து, பதினொரு மணிக்கு. புது ஆளை உள்ளே விடுவது மூன்று மணிக்கு. முன்னும் பின்னும் பையை ரிசப்ஷனில் வைக்கக் கேட்டால் அநேகமாகச் சம்மதிப்பார்கள். சந்தையை முடித்துவிட்டு, ஏழடி அகலமே இருக்கும் நட்ஷெல் பப்பை எட்டிப் பார்த்து, உத்தரத்தில் தொங்கும் காய்ந்த பூனையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, சாவகாசமாகப் பையை எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக இருந்தால் மட்டும் முதல் நாளே ரயில் நேரத்தைப் பாருங்கள். தண்டவாள வேலை என்று சொல்லி ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அதிகம்.